தேவாரம் என்னும் தலைப்பு: எழுத்தாளர்களுக்கான சிறு நூலகத்தில் பட்டியலாக்கச் சிக்கல்கள்

ஆய்வுச் சுருக்கம்

எழுத்தாளர்களின் பயன்பாட்டுக்கென ஒரு சிற்றூரில் அமையும் நூலகத்தின் பட்டியலாக்கம் பொது நூலகத்தின் பட்டியலாக்கத்திலிருந்து எவ்வாறு வேறுபடவேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தேனி மாவட்டத்துத் தேவாரம், போடிநாயக்கனூர், சின்னமனூர் வட்டாரமும் அதனை அடுத்த வத்தலக்குண்டும் எடுத்துக்காட்டுக் களங்களாகக் கொள்ளப்படுகின்றன. இத்தகைய நூலகத்தில் பகுப்பெண்ணைவிட ஆசிரியர் பெயர்க் கோப்பும், இதழ்களின் உள்ளடக்கப் பதிவும், ஊர் சார்ந்த பொருள் தலைப்புகளுமே முதன்மை பெறவேண்டும் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: பட்டியலாக்கம், ஆசிரியர் பெயர்ப் பதிவு, புனைபெயர், சிற்றிதழ், பொருள் தலைப்பு, தேவாரம், சி.சு. செல்லப்பா

முன்னுரை

தேவாரம் என்னும் சொல்லைத் தமிழ் நூலகப் பட்டியல் ஒன்றில் தேடுபவருக்கு மூவர் பாடிய திருமுறைப் பதிப்புகளும் அவற்றைப் பற்றிய ஆய்வுகளும் வரிசையாக வந்து நிற்கும். உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அப்பெயரிலேயே ஒரு பேரூர் இருப்பதைப் பட்டியல் பெரும்பாலும் அறிவதில்லை. போடிநாயக்கனூரிலிருந்து தெற்கே உத்தமபாளையம் நோக்கிச் செல்லும் சாலையில், பண்ணைப்புரத்துக்கும் கோம்பைக்கும் முன்னதாக அமைந்த ஊர் அது. அவ்வூரைப் பற்றி ஒரு கதையோ கட்டுரையோ துண்டறிக்கையோ எங்கேனும் இருப்பின், திருமுறை நூல்களுக்கிடையே அது புதைந்துபோகும். ‘தேவாரம் (திருமுறை)’, ‘தேவாரம் (ஊர்)’ என அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்லைச் சேர்த்தால் இது தீர்ந்துவிடும். அவ்வொரு சொல்லைச் சேர்க்கவேண்டும் என்னும் நினைவு அவ்வூரில் இருந்து பட்டியலிடுவோருக்கே இயல்பாக எழும்.

எழுத்தாளர்களுக்கான சிறு நூலகம் என்று இங்குக் குறிக்கப்படுவது, சில நூறு முதல் சில ஆயிரம் நூல்கள் வரை கொண்டதும், ஊதியம் பெறும் நூலகர் இல்லாததும், வட்டார எழுத்தாளர்களும் வாசகர்களும் தம் கைப்பொருளாலும் நன்கொடையாலும் நடத்துவதுமான தொகுப்பாகும். இதற்கு வருபவர் தேர்வுக்குப் படிக்க வருபவரோ பொழுதுபோக்க வருபவரோ மட்டும் அல்லர். ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பது பற்றி முன்னரே யார் எழுதியிருக்கிறார், தம் ஊர்ப் பேச்சுவழக்கை அச்சில் முதலில் கையாண்டவர் யார், தாம் எழுத நினைக்கும் நிகழ்ச்சி வேறொரு புதினத்தில் இடம்பெற்றுவிட்டதா என்பன போன்ற வினாக்களோடு வருபவர். இவ்வினாக்களுக்கு நூலின் தலைப்பையும் பகுப்பெண்ணையும் மட்டும் பதிந்த பட்டியலால் விடை கூற இயலாது.

ஆசிரியர் பெயர்ப் பதிவு

தமிழில் அச்சான நூல்களுக்குப் பட்டியல் அமைக்கும் பணி நெடுங்காலத்தது. ஜான் மர்டாக்கின் வகைப்பாட்டுப் பட்டியல் 1865-இல் வெளிவந்தது. பிரித்தானிய அருங்காட்சியக நூலகத்துத் தமிழ் நூல்களுக்கு எல்.டி. பார்னெட், ஜி.யு. போப் ஆகியோர் அமைத்த பட்டியல் 1909-இல் வெளிவந்தது. குடும்பப் பெயரை முன்னிறுத்திப் பதியும் மேலைமரபு தமிழ்ப் பெயர்களைச் சந்திக்கும் இடமெல்லாம் இடர்ப்படுவது இயல்பு. தமிழ்ப் பெயரில் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. ஊரின் முதலெழுத்து, தந்தை பெயரின் முதலெழுத்து, இயற்பெயர் என்னும் அடுக்கே நம் வழக்கு.

இவ்வடுக்கின் சிக்கலை இவ்வட்டாரத்தைச் சார்ந்த இருவர் பெயர்களைக் கொண்டே விளக்கலாம். ‘எழுத்து’ இதழின் ஆசிரியர் சி.சு. செல்லப்பா (1912-1998) தேவாரத்தை அடுத்த சின்னமனூரில் பிறந்தவர். அவர் பெயரின் ‘சி’ சின்னமனூரையும் ‘சு’ தந்தையாகிய சுப்பிரமணியத்தையும் குறிக்கின்றன. ‘மணிக்கொடி’ ஆசிரியர் பி.எஸ். ராமையா (1905-1983) தேனியிலிருந்து திண்டுக்கல் செல்லும் வழியிலுள்ள வத்தலக்குண்டைச் சேர்ந்தவர். அவர் பெயரின் ‘பி’யும் ஊரைத்தான் குறிக்கிறது, ஆனால் வத்தலக்குண்டு என்னும் தமிழ் வடிவிலிருந்து அது வரவில்லை, ஆங்கிலேயர் எழுதிய பத்தலகுண்டு என்னும் வடிவிலிருந்து வந்தது. ‘எஸ்’ என்பதும் சுப்பிரமணியமே. தந்தையர் இருவரின் பெயரும் ஒன்றாயிருந்தும் ஒருவருக்குத் தமிழ் எழுத்தும் மற்றவருக்கு ஆங்கில எழுத்தின் ஒலிப்பும் தலைப்பெழுத்தாக அமைந்துவிட்டன. ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி.ஆர். ராஜமையருக்கும் (1872-1898) ‘பி’ அதே ஊர்தான்.

தலைப்பெழுத்தை முன்னிறுத்தி அகரவரிசைப்படுத்தும் பட்டியலில் இவர்கள் சகரத்திலும் பகரத்திலுமாகச் சிதறுவர். அதுமட்டுமன்று, ராஜமையர் என்னும் பெயர் ராஜம் அய்யர், இராஜம் ஐயர், இராசமையர் எனப் பதிப்புதோறும் மாறி அச்சிடப்படுவதால் ரகர வரிசை, இகர வரிசை இரண்டிலும் அவர் இடம்பெறுவார். ராமையாவும் இராமையாவும் அத்தகையனவே. தனித்தமிழ் எழுத்துமுறையைப் பின்பற்றிய பதிப்பகத்தின் நூலும் பின்பற்றாத பதிப்பகத்தின் நூலும் ஒரே தாங்கியில் இருக்கையில், அவை ஒருவருடையவை என்பதை வாசகர் தாமே ஊகிக்கவேண்டிய நிலை ஏற்படுகிறது.

இதற்குத் தீர்வு நூற்பதிவிலிருந்து வேறாக ஒரு பெயர்க் கோப்பைப் பேணுவதாகும். ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரே ஓர் அட்டை. அதன் தலையில் நூலகம் ஏற்றுக்கொண்ட வடிவம்: ‘செல்லப்பா, சி.சு.’, ‘ராமையா, பி.எஸ்.’ என இயற்பெயர் முன்னும் தலைப்பெழுத்துப் பின்னுமாக. அதன்கீழ் அச்சில் கண்ட பிற வடிவங்கள் அனைத்தும். அவ்வடிவங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஏற்ற வடிவத்துக்கு ஒரு ‘காண்க’ அட்டை. தலைப்பெழுத்தின் விரிவு தெரிந்தால் அதனையும் எழுதிவைத்தல் நன்று. சின்னமனூர் என்னும் ஊர்ப்பெயரின்கீழ் செல்லப்பாவைச் சுட்ட அவ்விரிவே வழி செய்யும். ஊர்ப்பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுருக்கும் வழக்கத்தால் தமிழ் எழுத்தாளரின் ஊர் அவர் பெயருக்குள்ளேயே இருந்தும் கண்ணுக்குப் புலப்படாமல் போயிற்று.

எந்த வடிவத்தை ஏற்பது என்பதில் கருத்து வேறுபாடு எழலாம். எழுத்துச் சீர்மை கருதி எல்லாப் பெயர்களையும் இகரம் சேர்த்தும் கிரந்தம் நீக்கியும் பதிவதே முறை என்பாரும் உளர். ஆசிரியர் தம் நூல்களில் தொடர்ந்து கையாண்ட வடிவத்தை மாற்றும் உரிமை பட்டியலிடுவோருக்கு இல்லை என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ‘காண்க’ அட்டை உள்ளவரை, வேறு வடிவத்தில் தேடுபவரும் வழிதவற மாட்டார்.

புனைபெயரும் ஒப்புதலும்

புனைபெயர்கள் இருவகை. பார்த்த அளவிலேயே புனைபெயர் என விளங்குபவை ஒருவகை. புதுமைப்பித்தன் என்பது சொ. விருத்தாசலத்தின் புனைபெயர் என்பதை அறியாதார் இலர்; அறிந்த பெயரில் பதிந்து இயற்பெயரிலிருந்து சுட்டினால் போதும். இரண்டாம் வகையே ஏமாற்றுவது. அதே புதுமைப்பித்தன் கவிதைகளை வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை என்னும் பெயரில் எழுதினார். ஊர், தலைப்பெழுத்து, சாதிப் பின்னொட்டு எல்லாம் உடைய இப்பெயரைப் புதியவர் ஒருவர் பட்டியலிட்டால் அதற்குத் தனி ஆசிரியர் அட்டையே எழுதுவார். அவரைக் குறைகூறவும் இயலாது. சுந்தர ராமசாமியின் கவிதைகள் பசுவய்யா என்னும் பெயரில் வந்தன. ‘எழுத்து’ இதழில் தருமு சிவராமு என அறிமுகமானவர் பிரமிள் என நிலைபெறுவதற்குள் அவர் பெயரின் எழுத்துக்கூட்டல் பலமுறை மாறியது. இவற்றையெல்லாம் ஒரே அட்டையின்கீழ்க் கொணர்வதே எழுத்தாளர் நூலகத்துக்கு ஏற்றது. ஒருவர் கவிதையிலும் உரைநடையிலும் எவ்வாறு வேறுபட்டு இயங்கினார் என்பதே அங்கு வருபவர் அறிய விரும்புவது.

ஆனால் இவ்விதி மறைந்தோருக்கும், தம் புனைபெயரைத் தாமே வெளிப்படுத்தியோருக்கும் மட்டுமே உரியது. சிற்றூரில் வாழ்ந்துகொண்டே எழுதுபவரின் நிலை வேறு. தோட்ட வேலைக்கு மலையேறும் பெண் ஒருவர் ஆண்பெயரில் கவிதை எழுதலாம். அரசுப் பணியிலிருப்பவர் வேறு பெயரில் கட்டுரை எழுதலாம். பெருநகர நூலகத்தின் பட்டியலில் இயற்பெயர் வெளிப்பட்டால் அதைக் கவனிப்பார் சிலரே. பேரூராட்சி அளவிலான ஊரில் அட்டையைப் புரட்டுபவர் பக்கத்துத் தெருக்காரராக இருப்பார். நூற்பட்டியல் ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் கருவியாகவும் ஆகக்கூடும் என்பதைப் பட்டியலாக்க விதிநூல்கள் போதிய அளவு பேசவில்லை. ஆகவே வாழும் எழுத்தாளரின் அட்டையை எழுதுமுன் அவரிடம் எழுத்துவழி ஒப்புதல் பெறுதல் வேண்டும். ஒப்புதல் தராதவரின் புனைபெயரைத் தனி ஆசிரியராகவே பதிதல் வேண்டும். அதனால் பட்டியலில் ஒரு முழுமைக்குறை நேரும், நேர்ந்தால் நேரட்டும்.

அகரவரிசை

அட்டைகளைக் கையால் அடுக்கிய காலத்தில் அகரவரிசை ஒரு சிக்கலாக இருந்ததில்லை. கணினியில் விரிதாளாகப் பட்டியலிடும்போதே அது சிக்கலாகிறது. ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளின் குறியெண்கள் நெடுங்கணக்கு முறையில் அமையவில்லை. னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையிலும் வைக்கப்பட்டுள்ளன. புள்ளி, உயிர்மெய்க் குறிகளுக்குப் பின் வருகிறது. குறியெண் வரிசையை மட்டும் கொண்டு அடுக்கும் மென்பொருளில் கனகராஜ் கபிலனுக்கு முன்னும், கணேசன் கண்ணனுக்கு முன்னும் வந்துவிடுவர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் பழகிய கண்ணுக்கு இரண்டுமே பிழை. தமிழ் வரிசையை அறிந்த மென்பொருளைப் பயன்படுத்தல், அல்லது அடுக்குவதற்கென மட்டும் ஒரு மறைநெடுவரிசையில் எண்குறி இடுதல் என இதற்கு வழிகள் உண்டு. அச்செடுத்த பட்டியலை ஒருமுறை கண்ணால் சரிபார்ப்பதே சிறு நூலகத்துக்கு எளிது.

தாங்கியில் வரிசை

தூயி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்குரிய எண் 894.811. பொது நூலகத்தில் இது பல எண்களுள் ஒன்று. எழுத்தாளர் நூலகத்திலோ நூல்களில் பெரும்பகுதி இவ்வொரே எண்ணின்கீழும் அதன் கவிதை, நாடகம், புனைகதை என்னும் உட்பிரிவுகளின்கீழும் குவிந்துவிடும். எல்லா நூலுக்கும் ஒரே எண் இடப்பட்ட தாங்கி பகுக்கப்பட்டது ஆகாது.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை இவ்விடத்தில் கைகொடுக்கிறது. அம்முறையில் இலக்கியத்தைக் குறிக்கும் எழுத்தை அடுத்து மொழி, வடிவம் ஆகியவற்றின் எண்களும், அவற்றின்பின் ஆசிரியர் பிறந்த ஆண்டும் வருகின்றன. தமிழுக்கு 31, புனைகதைக்கு 3. ஆசிரியரின் பிறப்பு 1800-களில் என்றால் ‘எம்’ என்னும் உரோமன் எழுத்தும் 1900-களில் என்றால் ‘என்’ என்னும் எழுத்தும் இட்டு, ஆண்டின் கடை இரு இலக்கங்களைச் சேர்ப்பர். ராஜமையர் எம் 72, ராமையா என் 05, புதுமைப்பித்தன் என் 06, செல்லப்பா என் 12. பெயரின் எழுத்துக்கூட்டல் எவ்வாறு இருப்பினும் நூல் தாங்கியில் தன் இடத்தைத் தவறாது அடைகிறது. தமிழ்ப் பெயர்களின் குழப்பத்தைத் தமிழ்நாட்டு நூலகவியலர் ஒருவர் பெயரையே தொடாமல் கடந்திருப்பது சுவையானது. தாங்கியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பவர் தமிழ்ப் புனைகதையின் தலைமுறைகளை வரிசையாகக் காணவும் முடிகிறது.

குறையும் உண்டு. முதல் தொகுப்பு மட்டும் வெளியிட்டு அறியப்படாதுபோன ஒருவரின் பிறந்த ஆண்டை நூலின் முகப்பு சொல்லாது. வட்டார எழுத்தாளர்களைப் பொறுத்தவரை கேட்டறியும் வாய்ப்பு உள்ளூர் நூலகத்துக்கே மிகுதி. கேட்டு அறிந்ததைப் பெயர்க் கோப்பில் எழுதிவைத்தால், அந்த அட்டையே அவரைப் பற்றிய முதல் வாழ்க்கைக் குறிப்பாகவும் அமையக்கூடும்.

இதழ்கள்

எழுத்தாளர் நூலகத்தின் உயிர்ப்பகுதி இதழ்த்தொகுப்பேயாகும். இலக்கிய வரலாற்றில் நூலாகாதவை நூலானவற்றைக் காட்டிலும் மிகுதி. இதழை இதழாக மட்டும் பதிந்தால் உள்ளிருக்கும் படைப்புகள் பதியப்படாதவை ஆகின்றன.

முதலில் இதழின் அடையாளம். ‘மணிக்கொடி’ 1933-இல் ஸ்டாலின் ஸ்ரீநிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் ஆகியோர் முயற்சியில் அரசியல் சார்ந்த ஏடாகத் தோன்றியது. 1935-இல் ராமையாவின் பொறுப்பில் சிறுகதை இதழாக மறுபிறப்பெடுத்தது. பெயர் ஒன்று, இதழ்கள் இரண்டு. இரண்டையும் ஒரே அட்டையில் எழுதினால் ஆசிரியர் பெயரும் நோக்கமும் பொய்த்துவிடும்.

அடுத்து எண்ணிக்கை. ‘எழுத்து’ 1959 சனவரியில் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் வந்தது. மாத இதழ் என்னும் கணக்கில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு 144 கட்டங்கள் வரைந்து, வந்தவற்றுக்குக் குறியிட்டுக்கொண்டே போகும் பட்டியலாளர், இருபதுக்கும் மேற்பட்ட இதழ்கள் தொலைந்தனவாகக் கணக்குக் காட்டுவார். உண்மையில் இதழ் வெளிவரும் கால இடைவெளி மாறியது. அவை அச்சாகவே இல்லை. சிற்றிதழ்களுக்கு மாதக் கட்டம் பொருந்தாது. இதழின்மேல் அச்சான தொடர் எண்ணையே பதிந்து, அதற்கெதிரில் முகப்பிலுள்ள தேதியை உள்ளவாறே எழுதுதல் வேண்டும். இல்லாத இதழைத் தேடி ஒரு தலைமுறை அலைவதற்கு ஒரு தவறான வெற்றுக்கட்டம் போதும்.

மூன்றாவது, உள்ளடக்கப் பதிவு. ஒவ்வோர் இதழுக்கும் ஆசிரியர், தலைப்பு, வகை, பக்கம் என நான்கு கூறுகளைப் பதிந்தாலே பயன் பெரிது. பணி மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. எல்லா இதழ்களுக்கும் செய்ய இயலாவிடில், பிற நூலகங்களில் கிடைக்கும் பேரிதழ்களை விட்டுவிட்டு, உள்ளூரில் அச்சாகி உள்ளூரிலேயே மறைந்த இதழ்களிலிருந்து தொடங்குவது தக்கது. ‘மணிக்கொடி’யின் உள்ளடக்கத்தை எங்கேனும் ஒருவர் பதிவார். தேவாரத்தில் நூறு படிகள் உருட்டச்சிட்டு மூன்று இதழோடு நின்றுபோன கையேட்டைத் தேவாரம் பதியாவிட்டால் வேறெவரும் பதியப்போவதில்லை. அதில் மட்டும் எழுதிய ஒருவர், தாம் எழுதியதற்குச் சான்றின்றிப் போவார்.

பொருள் தலைப்புகள்

பொது விதிகளின்படி புதினங்களுக்குப் பொருள் தலைப்பு பெரும்பாலும் இடப்படுவதில்லை. எழுத்தாளர் நூலகத்தில் அவ்வழக்கத்தைத் தலைகீழாக்கவேண்டும். வைகை அணைக்காக நிலம் இழந்த மக்களைப் பாடும் வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ நூலுக்கு ‘வைகை அணை’, ‘குடிபெயர்வு’ என்றும், அ. வெண்ணிலாவின் ‘நீரதிகாரம்’ நூலுக்கு ‘முல்லைப் பெரியாறு அணை’ என்றும் தலைப்பு இட்டால்தான், 1895-இல் நிறைவுற்ற அவ்வணை பற்றி எழுத விரும்பும் அடுத்தவர் பொறியியல் நூல்களோடு புனைகதையையும் ஒருங்கே காண்பார்.

வட்டாரச் சொற்களில் விழிப்பு வேண்டும். போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர்பெற்றது. அங்கு ஏலக்காய் விற்பனையாவதோ ஏலத்தில். ‘ஏலம்’ என்று மட்டும் தலைப்பிட்டால் பயிரா, விற்பனை முறையா என்பது விளங்காது. ‘ஏலக்காய்ச் சாகுபடி’, ‘ஏலக்காய் விற்பனை’, ‘ஏலமலை’ எனப் பிரித்து, ‘ஏலம்’ என்பதிலிருந்து மூன்றுக்கும் சுட்டுதல் வேண்டும். ‘போடி’ என்று தேடுபவரைப் ‘போடிநாயக்கனூர்’ என்பதற்கு அனுப்பவேண்டும். மலையின் மறுபுறமும் ஒரே தொழிலுலகு என்பதால் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை ஆகியவை ‘கேரளம்’ என்னும் பொதுத் தலைப்பில் அடங்காமல் தனித்தனியே இடம்பெறவேண்டும். 1956-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபின்னும் அக்கூலிப் பயணமும் அதன் கதைகளும் எல்லையைக் கடந்தே வந்துள்ளன.

நூல் என்று கருதப்படாத தாள்களும் இப்பகுதியில் அடங்கும். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் பொதுவுடைமை மேடைகளில் பாடிய பாடல்களைப் போன்றவை துண்டுத்தாள்களிலும் நினைவிலும் வாழ்ந்தவை. தேவாரத்தை அடுத்த பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-இல் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்ததையொட்டி ஆதரித்தும் எதிர்த்தும் வந்த சிறு வெளியீடுகளும் அத்தகையன. அவற்றை ஓர் உறையில் இட்டு, உறைக்கு ஒரு தலைப்பும் ஓர் எண்ணும் கொடுத்தால் போதும். இருதரப்பு வெளியீடுகளும் ஒரே உறையில் இருக்கவேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

சேர்க்கைப் பதிவேடு

மேற்கூறிய எதுவும் இயலாத நூலகமும் ஒன்றைச் செய்யவேண்டும். வந்த ஒவ்வோர் உருப்படிக்கும், நூலாயினும் இதழாயினும் தாளாயினும், வந்த வரிசையில் ஒரு தொடர் எண் இட்டுப் பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். 2005-இல் தொடங்கப்பெற்று ஈழத்து ஆவணங்களை இணையத்தில் திரட்டும் ‘நூலகம்’ திட்டமும் வகை வேறுபாடு பாராது ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு தொடர் எண்ணே தருகிறது. எண், நாள், ஆசிரியர், தலைப்பு, பதிப்பாண்டு, யாரிடமிருந்து வந்தது என ஆறு நெடுவரிசைகள் போதும். கடைசி நெடுவரிசையைப் பலர் விட்டுவிடுகின்றனர். ஒருவர் இறந்தபின் அவர் வீட்டிலிருந்து வந்த நூல்கள் எவை என்பது, அவர் எவற்றைப் படித்து எழுதினார் என்பதற்குக் கிடைக்கும் ஒரே சான்றாக இருக்கக்கூடும். தாங்கியில் அவை பிரிந்துபோயினும் பதிவேட்டில் ஒன்றாகவே இருக்கும்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவின் தொகுப்பு 1992-இல் அவர் மறைந்தபின் சிதறாமல் காக்கப்பட்டது, 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதனை வாங்கியமையால். அதன்பின் சென்னையில் அது ஆய்வு நூலகமாகி முறையான பட்டியலைப் பெற்றது. எல்லாத் தொகுப்புக்கும் அத்தகைய வாய்ப்பு அமைவதில்லை. பெரும்பாலானவை உரியவர் மறைந்த ஓராண்டுக்குள் எடைக்குப் போகின்றன. எது எங்கே இருக்கிறது என்பது அவர் நினைவில் மட்டும் இருந்ததும், வீட்டார்க்கு அது பழந்தாளாகவே தெரிந்ததும் அதற்குக் காரணம். பதிவேட்டின் ஒரு படி நூலகத்திலும், ஒரு படி நூலகத்துக்கு வெளியே ஒருவரிடமும், ஒரு படி அருகிலுள்ள கல்லூரித் தமிழ்த்துறையிலும் இருத்தல் வேண்டும்; ஆண்டுக்கு ஒருமுறை மூன்றையும் ஒப்புநோக்கிக் கையொப்பமிடுதல் வேண்டும். முதற்பக்கத்தில் அடுத்துப் பொறுப்பேற்பவர் பெயருக்கென ஓர் இடம் விட்டு வைக்கலாம்.